நோவு உள்ளவர்கள் கை தூக்கவும்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சோழகக் காற்று விடுகிறதாக இல்லை. கூட்டிய முற்றம் அரை மணித்தியாலத்தில் பழையபடி. குசினிப் பக்கத்துத் தகரம் இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. "பின்னேரம் ஆணி அடிப்பம்" என்று அவர் சொல்லி ஒரு கிழமை. எந்தப் பின்னேரம் என்று கேட்கவில்லை. கேட்டால் சண்டை.

நாளைக்கு உப்பு ஸ்டோரில் ட்ரெயினிங்காம். பாரம் தூக்குவது எப்படி என்று. இத்தனை வருடம் தூக்கிவிட்டு இப்போது எப்படி என்று படிக்கப் போகிறோம். எங்கள் உப்புப் பக்கற்றை வாங்கும் கொழும்புப் பெரிய கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று. கொடுக்காவிட்டால் வாங்கமாட்டார்கள். அதனால் ஸ்டோர் முதலாளி ஹாஜியாருக்குத் திடீரென்று எங்கள் முதுகு மேல் பாசம்.

மனேஜர் நௌபர் கூப்பிட்டான். ஹாஜியாரின் மருமகன், வேறு தகுதி எனக்குத் தெரியாது.

"ட்ரெயினிங் குடுக்க வாற மாத்தையாக்குத் தமிழ் வராது லாத்தா. நீங்க பக்கத்துல நிண்டு சொல்லிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் சிங்களம் தண்ணி மாதிரியே."

தேவை இருக்கும்போது நான் லாத்தா, அக்கா. மற்ற நேரம் "சுப்பவைசர், இஞ்ச வாங்க". சரி என்றேன். சிலாபம் கார்மென்ட் ஃபெக்டரியில் ஏச்சு வாங்கிப் படித்த சிங்களம் இப்படியாவது உதவட்டும்.

நாளைக்கு:
- சாம்பல் அபாயாவைக் கழுவிப் போட வேண்டும். கறுப்பு முழுக்க உப்புப் பூத்துவிட்டது.
- பாண், சீனி, சவர்க்காரம்
- ரைஹானாவின் சின்னவளுக்கு இருமல் மருந்து. அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது.
- தகரம்!!

ரைஹானா, சுருக்கமாக ரை., என் வீட்டுக்காரரின் தங்கை. நான் அவளுக்கு மச்சி. தில்லையடியில் எங்களுக்கும் அவளுக்கும் ஒரே வளவு, இரண்டு வீடு. புருஷன்காரன் கட்டாருக்குப் போனான். திரும்பி வந்தது அநுராதபுரத்தில் வேறொருத்தியின் வீட்டுக்கு. இரண்டு பெண் பிள்ளைகள். ஸ்டோரில் நான்தான் சேர்த்துவிட்டேன். பை தூக்கும் வேலை. ரை. இல்லாவிட்டால் எனக்கு ஸ்டோரில் கதைக்க ஆளில்லை, அது வேறு விஷயம்.

ஓகஸ்ட் 6, புதன்

காற்று. கண்ணெல்லாம் உப்பு.

மாத்தையா ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். டை கட்டிய ஆள் ஒன்று வந்து எங்களை ஏசும் என்றுதான் நினைத்தேன். இவர் ஒல்லி, பாதி நரை, குரல் மெல்லிசு. வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போனார். ஸ்டோருக்குள் ஒருவரும் கழற்றுவதில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

அவர் சொன்னதும் நான் சொன்னதும்:

தூக்குமுன் யோசி. எங்கே வைக்கப் போகிறாய், வழியில் என்ன கிடக்கிறது.
காலை அகட்டி வை.
முழங்காலை மடக்கிக் கீழே போ. முதுகைக் கூனாதே.
பாரத்தை நெஞ்சோடு அணை.
காலால் எழும்பு.
திரும்புவதென்றால் காலை எடுத்து வைத்துத் திரும்பு. இடுப்பைத் திருகாதே.
தனியே ஏலாவிட்டால் இரண்டு பேராகத் தூக்கு.

காலை அகட்டு என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் லொறிக்கு ஏற்றும் ஆண்கள். பக்கத்தில் நௌபர், போனில் வீடியோ எடுத்தபடி. அபாயா போட்ட பெண்களைப் பார்த்து என்னவென்று சொல்வது? "கொஞ்சம் தள்ளி வைங்க" என்றேன். கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். ஒருத்தியும் மடங்கவில்லை. அவர் செய்யாதே என்றாரே, அப்படியே குனிந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினார்கள். மனுசன் திரும்பத் திரும்ப இருந்து எழும்பிக் காட்டினார். சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், ஆண்களைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். ஆண்களையும் நௌபரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ஹரி" என்றார் சிங்களத்தில், சரி, இப்போது செய்யுங்கள் என்று. எல்லோரும் சிரித்த சிரிப்பு. ஆனால் செய்தார்கள். நானும் செய்து பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், பல மாதத்துக்குப் பிறகு என் இடுப்பு கத்தவில்லை. மனுசன் சொல்வது சரிதான். பெட்டி வெறும் பெட்டி என்பது வேறு கதை.

பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: முதுகிலோ இடுப்பிலோ நோவு உள்ளவங்க பயப்படாமக் கை தூக்குங்க.

பாதிக்கு மேல் கை. நௌபர் திரும்பவும் வீடியோ. எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள், மன்னாரிலிருந்து வந்தவர்கள்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து பழகிய கை. ஃபைலோடு ஒருத்தர் வந்து நிற்பார். பாய் இல்லாதவங்க? கை. வாளி இல்லாதவங்க? கை. கூரை ஒழுகுறவங்க? ஒழுகாதவர்களும் கை. தூக்காமல் இருந்தவன் வெறுங்கையோடு போனான். நானும் தூக்கி வளர்ந்தவள்தான். யுத்தம் முடிந்தது, இனி நீங்கள் அகதி இல்லை என்று எல்லாவற்றையும் நிறுத்தி எவ்வளவு காலம். வெளியிலிருந்து ஒருத்தர் வந்து என்ன குறை என்று கேட்டால் இன்னும் கை தானாகப் போகிறது.

என் கை போகவில்லை. இரண்டு கையிலும் மாத்தையாவின் அட்டைப்பெட்டி.

ரை.யும் தூக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன்.

"ஒனக்கு எங்கடி நோவு?"

"ஒண்டும் இல்ல மச்சி. தைலம் கிய்லம் குடுப்பாங்களோ எண்டுதான். இல்லாட்டிப் பை வச்சித் தள்ளுற வண்டில் ஏதும்."

நிஜமாக நோவு உள்ளவள் ஜெஸீமா. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறவள். அவள் தூக்கவில்லை. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஏன் என்று கேட்டதற்கு, "எங்களுக்குக் கை தூக்கிப் பழக்கமில்ல" என்றாள். குத்தித்தான் சொன்னாள். இங்கே வந்து என் தலை நரைத்துவிட்டது, இன்னும் வந்தவங்கதான் நாங்கள்.

சாப்பாட்டுப் பார்சல் கோழி. பெருநாள் கழிந்து பிடிக்கும் ஆறு நோன்பைப் பிடித்தவர்கள் பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் பிடிக்கவில்லை, ஆனாலும் பாதியைக் கட்டிக் கொண்டுவந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்றார்.

ஓகஸ்ட் 7, வியாழன்

காலையில் எல்லோரும் மாத்தையா முறை. மடங்கி, அணைத்து, எழும்பி. பார்க்க நல்லாகத்தான் இருந்தது. பெரிய பைகளை இரண்டு பேராகத் தூக்கினார்கள்.

நௌபர் வந்தான். "என்ன இது, ஒரு பைக்கு ரெண்டு பேர்? அப்ப நான் ஒரு வேலைக்கி ரெண்டு சம்பளமா குடுக்கிற? ட்ரெயினிங் நேத்தோட முடிஞ்சி. லொறி நிக்கிது, கெதியாப் பாருங்க."

பகலுக்குள் பை பழையபடி தோளுக்குப் போய்விட்டது. ஒருத்தி பிஸ்மி சொல்லி ஏற்றிவிட, மற்றவள் குனிந்து வாங்கிக்கொண்டு ஓட்டம்.

தலைவலி. வெங்காயம் முடிந்தது. வெங்காய லொறியில் வேலை செய்கிறவரின் வீட்டில் வெங்காயம் இல்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

காலையில் நௌபர் எல்லோரையும் நிற்க வைத்தான். போனில் அந்த வீடியோ. நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொருத்தியாகப் பெயர் சொன்னான்.

"கை தூக்கினவங்க எல்லாம் கொஞ்ச நாளைக்கி வீட்ட இரிங்க. ஒங்கட நல்லத்துக்குத்தான். நோவுள்ள ஆளுகள வச்சிப் பாரம் தூக்க வேணாமெண்டு கொழும்பால சொல்லிட்டாங்க."

"கொஞ்ச நாள் எண்டா?" ரை. கேட்டாள்.

"நோவு சொகமாகுற வரைக்கும்."

"எனக்கு நோவே இல்லையே மனேஜர்."

"அப்ப என்னத்துக்குப் புள்ள கை தூக்கின?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய், சும்மா தூக்கியதுதான், எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம் என்றேன். "அப்ப பொய் சொன்னாங்க எண்டு ஹாஜியார்ட சொல்லவா?" என்றான். நோவு இருக்கிறது என்றால் வேலை இல்லை. இல்லை என்றால் பொய்காரி. நன்றாகத்தான் மடக்கினான், கார்மென்டில் ஒரு துரையும் இப்படி மடக்கியதில்லை.

வேலை நாள் போனால் சம்பளமும் போச்சு, நாட்கூலிக்காரருக்கு அவ்வளவுதான். ரை. அழவில்லை. கையுறையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். காற்று ஒரு செருப்பை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. ஒரு காலில் செருப்போடு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஓட வேண்டும் போல இருந்தது. பக்கற் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, போகவில்லை.

ஜெஸீமா பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பை தூக்கினாள்.

ஓகஸ்ட் 13, புதன்

மாத்தையாவுக்குப் போன் பண்ணினேன். நம்பர் தந்துவிட்டுப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் "அனே, பாவமே!" என்றார். அவர் கொழும்புக்கு எழுதியது, நோவுள்ளவர்களுக்கு மருந்து பார்க்க வேண்டும், இலேசான வேலை கொடுக்க வேண்டும் என்று. வீட்டுக்கு அனுப்பு என்று எழுதவில்லை. திரும்பவும் எழுதுகிறேன் என்றார்.

எழுத வேண்டாம் மாத்தையா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மேல் கோபமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் எழுதுவதுகூட எங்களிடம் வந்து சேரும்போது இப்படி ஆகிறதே, அதற்கு என்ன செய்வது?

ஆட்கள் குறைந்ததால் இன்று நானும் பை தூக்கினேன். இடுப்பு போச்சு. சுடுதண்ணீர் ஒத்தடம். "என்ன இண்டைக்கிச் சாப்பாடு சுணங்குது?" அவர்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஜும்மா முடிந்து ஏஜென்ட் வந்தான். இந்த ஆட்களுக்கு மூக்கு எப்படித்தான் வேலை செய்கிறதோ, வேலை போன வீட்டின் வாசலில் சரியாக வந்து நிற்கிறார்கள். குவைத். வீட்டு வேலை. நல்ல வீடாம், நல்ல மனுசராம், ரெண்டே ரெண்டு வருசமாம். தேத்தண்ணி குடித்தான், என் வீட்டுச் சீனியில்.

ரை. சின்னவளை மடியில் வைத்துத் தலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் பேசினார்.

"போனா போகட்டும். புள்ளையள் ரெண்டையும் இவ பாத்துக் கொள்ளுவாதானே."

இவ என்றால் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுதிவிடுகிறேன், இதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பாசம் இருக்கிறது. ஆனால் வளர்க்க ஏலாது. என்னுடைய மூன்றையும் தனியாகத்தான் வளர்த்தேன், அவர் லொறியில் இருந்தார். இனியும் ஒரு முறை விடிய எழும்பித் தலை பின்னி, சீருடை தேடி, பேன் பார்த்து... முடியாது. அதோடு ரை. போனால் எப்படித் திரும்பி வருவாள் என்று யாருக்குத் தெரியும்? நாலு வீடு தள்ளி இருக்கிற பெண் ரியாத்திலிருந்து வந்தாள், இன்னும் ஆட்களோடு கதைப்பதில்லை. என் பயத்தில் எது அவளுக்காக, எது எனக்காக என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு முடிவு சொல்ல வேண்டுமாம். அது இருபத்துநான்கு.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வேலை போன மற்றப் பெண்கள் சிலர் ட்ரக்டரில் மாம்புரிக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறார்கள். ரை.யையும் கூட்டிப்போகச் சொன்னேன். ஒரு நாள் போனாள். அங்கேயும் ஆள் கூடிவிட்டதாம், நாளைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். எத்தாளைப் பக்கம் தோட்டக்காரர்களிடம் கேட்கிறேன் என்றார் அவர். கேட்டாரா, இல்லையா, தெரியாது.

பின்னேரம் நௌபர் போன். குரலில் லாத்தா திரும்பி வந்திருந்தது. லொறிகள் தேங்கி நிற்கின்றன, ஹாஜியார் ஏசுகிறார், கொழும்புக்குச் சாமான் போய்ச் சேரவில்லை.

"சனிக்கெழம வரச் சொல்லுங்க. மாத்தையா சொல்லித் தந்த மாதிரியே பையத் தூக்கி லொறியில வச்சிக் காட்டட்டும். நோவு இல்லாமத் தூக்குற ஆளுகள நான் எடுக்கிறன். கொழும்புக்காரனுக்கும் சொல்லலாம், பாத்துத்தான் எடுத்த எண்டு."

அவன் கண்டுபிடித்த பரீட்சை. என்னவாவது இருக்கட்டும். ஓடிப்போய் ரை.யிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

ஓகஸ்ட் 18, திங்கள்

ரை. பழைய உரப்பையில் மணல் நிரப்பி வாயைத் தைத்துவிட்டாள். வேலை முடிந்து வந்து பழக்கினேன். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி, ஆண்கள் ஒருவரும் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை அகட்டி இருந்தாள் பாருங்கள், மாத்தையா கண்டிருந்தால் கைதட்டியிருப்பார்.

"மச்சி, சரியா? முதுகு நேரா இரிக்கா?"

"இரிக்கி. மூஞ்சியச் சுழிக்காத. நௌபர் மூஞ்சியத்தான் பாப்பான்."

பெரியவள் எண்ணிக்கை சொன்னாள். சின்னவள் மணல் பை மேல் ஏறி இருந்துகொண்டு தன்னையும் சேர்த்துத் தூக்கச் சொன்னாள். நாலு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். இந்த வளவில் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். இரவு இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி. ரை. எங்களோடு சாப்பிட்டாள்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல முன்னேற்றம். கல் வைத்த இடத்திலிருந்து வேலி வரை பையை அணைத்தபடி நடக்கிறாள். திரும்பும்போது காலை எடுத்து வைத்துத் திரும்புகிறாள். வேலை போகும். அதாவது கிடைக்கும். இன்ஷா அல்லாஹ்.

சீனி விலை கூடிவிட்டது.

ஓகஸ்ட் 20, புதன்

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சூடை. வெளியே அவள் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். பையை நெஞ்சோடு அணைத்து எழும்பி நடக்கும்போது முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. சின்னவள் கோழிக்குப் பின்னால் ஓடி வந்து காலுக்குள் புகுந்துவிட்டாள். பையைப் போட்டால் பிள்ளை மேல் விழும். போடாமல், அப்படியே இடுப்பைத் திருகி மற்றப் பக்கம் போட்டிருக்கிறாள்.

சத்தம் கேட்டு ஓடினேன். மண்ணில் பக்கவாட்டில் கிடந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பயத்தில் வீறிட்டுக்கொண்டு நின்றது. ரை. எழும்பப் பார்த்தாள், ஏலவில்லை. இடுப்பைத் தொட்டதும் கத்தினாள். கத்திய பிறகு சொன்ன முதல் கதை:

"நௌபருக்குச் சொல்லிராதீங்க மச்சி."

நானும் பெரியவளும் சேர்த்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். மீன் முழுவதையும் பூனை தின்றுவிட்டது. அவர் வந்து, "கவனமாச் செய்யத் தெரியாதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. வாயில் வந்ததை எல்லாம் ஏசிவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்படி ஏசியதில்லை. எழும்பிப் போய் வாசலில் இருந்தார்.

ஓகஸ்ட் 21, வியாழன்

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஓட்டோவில் ஒவ்வொரு குழிக்கும் என் கையை நசுக்கினாள். டொக்டர் ஊசி, மாத்திரை. மூன்று கிழமை பாரம் ஒன்றும் தூக்கக் கூடாது, பிள்ளையைக்கூட. அவசரப்பட்டால் கால் இழுத்துக்கொள்ளும், பிறகு ஒபரேஷன்தான் என்று தெளிவாகச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார். நான் ரை.க்குத் தமிழில் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"ஓம்" என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது:

"சனிக்கெழம போறன் மச்சி. குவைத்துக்குப் போனாலும் தூக்கத்தான் வேணும். இஞ்ச தூக்கினா புள்ளையள்ட மூஞ்சியாவது பாக்கலாம்."

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் வருவான் என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

தைலம். ஒத்தடம். மாத்திரை இரண்டு வேளை. கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறாள். வேறு ஒன்றும் எழுத இல்லை.

ஓகஸ்ட் 23, சனி

காற்று கொஞ்சம் தணிவு.

விடிய அவளுடைய இடுப்பைச் சுற்றி என் பழைய சாரித் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டேன். மேலே அபாயா. தைலம் மணக்காமல் இருக்க அத்தர். மாத்திரை இரண்டை ஒன்றாக விழுங்கினாள்.

ஸ்டோர் வாசலில் லொறி. நௌபர் கதிரை போட்டு இருந்தான். ஒருத்தி ஒருத்தியாகக் கூப்பிட்டான். சிலர் தூக்கினார்கள். ஒருத்தி முறையை மறந்து குனிந்துவிட்டாள், அவளை அடுத்த மாதம் வரச் சொன்னான். அவளுக்கு நோவு இல்லை. அழுதுகொண்டு போனாள்.

ரை. முறை வந்தது. மடங்கி இருந்தாள், அணைத்தாள், எழும்பினாள். முதுகு நேர்க்கோடு. முகத்தில் ஒன்றுமில்லை, சுவர் மாதிரி. காலை எடுத்து வைத்துத் திரும்பி லொறித் தட்டில் வைத்தாள். எல்லோரையும் விட அவளுடையதுதான் திறம். மாத்தையாவே இவ்வளவு சரியாகச் செய்யவில்லை. மேலுதட்டில் மட்டும் வியர்வை.

நௌபர் என் பக்கம் திரும்பினான். "ஒங்கட மச்சினிக்கி ஒண்டும் இல்லத்தானே லாத்தா? நீங்க சொன்னா நான் நம்புவன்."

முதல் முறையாக என் சொல்லுக்கு ஒரு மரியாதை. டொக்டர் சொன்னது காதில் இருந்தது. அவளுடைய கண் என் மேலே இருந்தது.

"ஒண்டும் இல்ல" என்றேன்.

திங்கள் வேலைக்கு வரச் சொன்னான். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது தோலில் துணியின் தடம். குப்புறப் படுத்தவள் மாலை வரை எழும்பவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

ஏஜென்ட் வந்தான். வேலை கிடைத்துவிட்டது, போக மாட்டாள் என்று நானே சொல்லி அனுப்பினேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை. அவருக்கு ஆறுதல்தான், சிரித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கக் காசு கொடுத்தார்.

எனக்கும் ஆறுதல்.

ரை.யை இருந்து செய்யும் வேலைக்குப் போட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். பக்கற் ஒட்டும் மேசை முழுக்க ஹாஜியாரின் சொந்தக்காரப் பெண்கள். அங்கே கை வைத்தால் என் வேலையும் போகும். ஒரே வழி, பெரிய பைகளில் நான் ஒரு பக்கம் பிடிப்பது.

ஓகஸ்ட் 25, திங்கள்

காலையிலிருந்து இரண்டு பேராகத் தூக்கினோம். மெஷினை ஜெஸீமாவிடம் பார்க்கச் சொன்னேன், மறுக்கவில்லை. ரை. ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாரம் என் பக்கம் சாயும்படி பிடித்தேன். நௌபர் வெளியே போயிருந்தான். இப்படியே மூன்று கிழமை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பதினொரு மணி போல வாகனச் சத்தம். நௌபரும் மாத்தையாவும். பயிற்சிக்குப் பிறகு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தாராம். எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் மாத்தையாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதைத்தான் நான் சொன்னேன், பாருங்கள் மனேஜர், எவ்வளவு அழகாகச் சேர்ந்து தூக்குகிறார்கள் என்றார். நௌபரும் பல்லைக் காட்டினான். "ஓம் ஓம், இஞ்ச எல்லாம் இப்பிடித்தான்."

மாத்தையா ரை. பக்கம் திரும்பி, நங்கி, தங்கச்சி, இப்போது நோவு எப்படி என்று கேட்டார். மெல்லிய குரல். உண்மையான அக்கறை. அவரிடம் சொல்ல எனக்குச் சிங்களம் இருந்தது. ஒரு வசனம் போதும். சொன்னால் திரும்பவும் எழுதுவார்.

ரை.யிடம் கேட்காமலே, நல்ல சுகம் மாத்தையா என்று நானே பதில் சொன்னேன்.

கொழும்பில் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். பையைத் தரையிலிருந்து பாதி தூக்கியபடி அப்படியே நிற்கச் சொன்னார். நின்றோம். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை. ரை.யின் பக்கம் பை மெல்ல இறங்கியது, பாரத்தை என் பக்கம் இழுத்துப் பிடித்தேன்.

"கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். சிரித்தாள்.

வாகனம் போய் மறைந்தது. நௌபர் வாசலில் நின்று கையைத் தட்டினான். "சரி, படம் எடுத்தாச்சி. சுப்பவைசர், நீங்க மெஷினுக்குப் போங்க. இனி ஒரு ஆள் ஒரு பை."

நான் போகவில்லை. பையை விடவுமில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கைய எடுங்க மச்சி" என்றாள் ரை. என் காதுக்கு மட்டும். "அவன் பாக்கிறான். எடுங்க."

எடுத்தேன்.